பள்ளத்தாக்கின் தடங்கள் – 17: கித்தான் வீடு

சென்ற வாரம் அம்மையநாயக்கனூர் ரயிலடியில் சுமை ஏற்றிய மாட்டுவண்டிகளைக் கம்பம் சாலையில் விட்டிருந்தோம். இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாறிவிட்ட அந்த நிலையத்திலிருந்து கூடலூருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். பெரியகுளம், தேனி, உத்தமபாளையம் தாண்டி அனுமந்தன்பட்டிக்கு வந்தால் கம்பம் எட்டும் தூரம். 1887இல் பெரியாறு அணை வேலை தொடங்கியபோது இந்தச் சாலையில் இரும்பு போனது, கருவிகள் போயின, அரிசி போனது. ஆனால் ஆள் இல்லாத காட்டில் எந்தப் பெரிய வேலை தொடங்கினாலும் இவற்றுக்கெல்லாம் முன்னால் போய்ச் சேர வேண்டிய சுமை ஒன்று உண்டு. அது கூடாரம்.

அனுமந்தன்பட்டியில் இந்தத் தொடரை வாசிக்கும் இளைஞர்கள் சிலருக்கு ஒரு ஆசை. ஜனவரி 15, பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுக்கின் பிறந்த நாள். பாலார்பட்டியில் அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை போடுகிறார்கள். இவர்கள் ஊர்த் தோப்பு ஒன்றில் அந்தக் காலத்துக் கித்தான் கூடாரம் அடித்து, அரிக்கேன் விளக்கு வைத்து, பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாமல் ஒரு இரவு தங்கிப் பார்க்கப் போகிறார்களாம். "எந்த மாதிரிக் கூடாரம் வாங்கணும், எப்படி அடிக்கணும்னு நீங்க எழுதிருங்க சார்" என்றார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எந்தக் கூடாரம் என்பதற்கு முன்னால் யாருடைய கூடாரம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் இந்தப் பழக்கம் நன்றாக வேர்விட்டிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1972 முதல் பென்சிக் என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு போலிப் போர் நடக்கிறது. பத்தாயிரம் பேர் வரை கூடி, இடைக்கால ஐரோப்பிய உடை உடுத்தி, துணிக்கூடாரங்களில் இரண்டு வாரம் தங்குகிறார்கள். உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுபவர்கள் தனிக் கூட்டம். சிப்பாய் வேடம் போட்டவர் தாழ்வான, இரண்டு பக்கமும் சரிந்த சின்னக் கூடாரத்தில்தான் படுப்பார். அதிகாரி வேடக்காரருக்குத்தான் சுவர் வைத்த உயரமான கூடாரம். தையல் கையால் போட்டதா, கயிறு சணலா என்றுகூடப் பார்ப்பார்கள். சிலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு காலத்தை உடம்பால் அறிந்துகொள்ள இதைவிட மலிவான வழி ஏது?

நமக்கு இது புதிதும் அல்ல. 103 அடிகளே உள்ள முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு போர்ப் பாசறையைக் கட்டி எழுப்புகிறார். காட்டாற்றை ஒட்டிய வெளியில் புதர்களை வெட்டித் துப்புரவாக்கி, சுற்றிலும் முள்ளால் வேலி இடுகிறார்கள். வீரர்களுக்கு இலைதழை வேய்ந்த குடில்கள்; அவை தெருத்தெருவாக நிற்கின்றன. ஆயுதங்களையும் கேடயங்களையும் நிரைத்து அரண் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், நெடிய கோல்கள் நட்டுத் துணித்திரையால் சுற்றி வளைத்த தனி இருக்கை அரசனுக்கு. அதற்குள்ளும் உள்ளறை, யவனக் காவல், விளக்கு. துணி அரசனுக்கு, தழை படைக்கு என்ற ஏற்பாட்டைக் கவனியுங்கள். சற்றேறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து இந்த மலையடிவாரத்திலும் அதே ஏற்பாடுதான்.

அரசர்களின் கூடாரம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் வேல்ஸ் நாட்டுப் போயிஸ் கோட்டைக்குத்தான் போக வேண்டும். திப்பு சுல்தானின் பூவேலை அச்சடித்த பருத்திக் கூடாரம் அங்கே இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துப்போனது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ். போயிஸ் அவர் குடும்பத்துக் கோட்டை. பிற்காலத்தில் தோட்ட விருந்துக்கெல்லாம் அந்தக் கூடாரத்தை விரித்திருக்கிறார்கள். திப்பு நமக்கு அந்நியர் அல்லர். கம்பமும் கூடலூரும் சேர்ந்த திண்டுக்கல் சீமை 1792 வரை அவர் கையில்தான் இருந்தது.

கும்பினியார் கைக்குச் சீமை வந்ததும் முதலில் வந்தவர்கள் நில அளவைக்காரர்கள். லெப்டினென்ட் பி.எஸ். வார்டு 1821இல் பழனி மலையை அளக்க ஏறியபோது வெள்ளகவியில்தான் முகாம் போட்டார். பெரியகுளத்துக்கு மேலே இருக்கும் அந்த ஊருக்கு நெடுங்காலம் கால்நடையாகத்தான் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அங்கே கூடாரம் கொண்டுபோனது யார்? தலைச்சுமைக்காரர்கள். வண்டி ஏறாத இடத்தில் கூடாரத்தின் அளவை நிர்ணயிப்பது அதன் எடை. இந்தியப் பட்டாளம் கூடாரங்களுக்குப் பெயர் வைத்ததே எடையை வைத்துத்தான்: 40 பவுண்டர், 80 பவுண்டர், 180 பவுண்டர். ஒரு கோவேறு கழுதை சுமப்பது இரண்டு மணங்கு, அதாவது 160 பவுண்டு. 80 பவுண்டர் என்றால் அதன் ஒரு பக்கச் சுமை. 180 பவுண்டர் ஏறத்தாழ 82 கிலோ. அதை வண்டியில் ஏற்றலாம், குமுளி மலையில் ஒரு ஆள் தலையில் ஏற்ற முடியாது. நனைந்துவிட்டால் எடை இன்னும் எங்கோ போய்விடும். ஆகவே வாங்கப் போகும் இளைஞர்களே, படத்தைப் பார்த்து மயங்காமல் எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள்.

மாவட்ட அதிகாரிகள் ஜமாபந்திக்கும் விசாரணைக்கும் ஊர் ஊராகப் போன காலத்தில் வசதியுள்ளவர்கள் இரண்டு செட் கூடாரம் வைத்திருந்தார்கள். துரை ஒன்றில் தூங்கும்போது மற்றது இரவோடு இரவாக மாட்டுவண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். காலையில் குதிரையில் அவர் போய் இறங்கினால் மேசை, நாற்காலி, தேநீர் எல்லாம் தயார். இரவெல்லாம் வண்டியோடு நடந்து, விடிவதற்குள் முளை அடித்து, பகலில் அவிழ்த்து மீண்டும் சுமந்த லஸ்கர்களின் தூக்கத்தைப் பற்றி எந்தத் துரையும் நாட்குறிப்பில் எழுதியதாக நான் படித்ததில்லை.

இனி அணைக்கட்டு. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். அடுத்த ஆண்டு வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். இடையில் நடந்ததெல்லாம் காட்டில். சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன்கள் வந்தன. தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். மதுரைச் சீமையிலிருந்தும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தும் கூலிகள் ஏறினார்கள். பட்டாளத்துக்குக் கூடாரம் உண்டு, அதிகாரிக்கும் உண்டு. கூலிக்குப் புல்லும் தழையும் வேய்ந்த குடிசை. மழை, அட்டை, மலேரியா, காலரா. நோயில் மட்டும் 483 பேர் போனதாகக் கணக்கு. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. ஏ.டி. மெக்கன்சி 1899இல் எழுதிய பெரியாறு திட்ட வரலாற்றை வாசிக்கிறவர்கள் கான்கிரீட் கணக்கோடு இந்தக் கணக்கையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இது: ஒரு கூடாரம் வாங்குங்கள், பக்கத்திலேயே ஒரு புல்குடிசையும் போடுங்கள். கூடாரத்தில் மட்டும் படுத்துவிட்டு அணை கட்டியவர்களின் இரவை அறிந்தோம் என்று சொன்னால் அது பொய். பாதிப் பேர் குடிசையில் படுக்கட்டும். நள்ளிரவில் இடம் மாறிக்கொள்ளலாம். இளைஞர்களிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் முகம் சுருங்கியது உண்மை. புகைப்படத்துக்குக் கூடாரம்தான் அழகு.

சரி, கூடாரத்துக்கு வருவோம். நம் தேவைக்கு மூன்று வகைகளைப் பற்றி யோசித்தால் போதும். முதலாவது, நடுவில் ஒற்றைக் கம்பம் நட்டு வட்டமாக விரியும் மணிக்கூடாரம். கிரைமியப் போர்க்காலத்து ஆங்கிலேயப் பட்டாளத்தின் அடையாளம் அது. இப்போது உல்லாச விடுதிக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், அதனால் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஓரத்தில் நிமிர முடியாது. வெயிலில் ஒற்றைத் துணி கொதிக்கும். இரண்டாவது, சுவிஸ் காட்டேஜ். முன்னால் தாழ்வாரம், பின்னால் குளியலறை, சுற்றிலும் கனாத்து எனப்படும் துணிச்சுவர் என்று ஒரு சின்ன பங்களாவே அது. கலெக்டர் வேடம் போட ஆள் இருந்தால் வாங்கலாம். விலையும் எடையும் கலெக்டருக்கு ஏற்றவை. மூன்றாவது, இரண்டு கம்பமும் மேலே ஒரு முகட்டுக்கம்பும் கொண்ட, இரட்டைக் கூரை போட்ட சாதாரணப் பட்டாளக் கூடாரம். நான் சொல்வது இதை. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் நான்கு பேர் சாமானோடு படுக்கலாம்.

இரட்டைக் கூரைதான் இந்த நாட்டு வெயில் கற்றுக்கொடுத்த பாடம். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை இடைவெளி விட்டால் அந்தச் சந்தில் காற்று ஓடும். மேல்துணி வாங்கிய சூடு உள்ளே இறங்காது. மழையில் மேல்துணி கசிந்தாலும் உள்துணி தாங்கும். பழைய கூடாரங்களில் துணியே பல அடுக்கு: வெளியே இரட்டை நூலில் நெய்த தடித்த தோசூத்தி, உள்ளே கண் கூசாமலிருக்க மஞ்சளோ நீலமோ தோய்த்த துணி. இந்தக் கூடாரங்கள் எங்கே தைக்கப்பட்டன என்பதும் ஒரு கதை. கான்பூரின் எல்ஜின், மியூர் ஆலைகள் இதில் பேர் பெற்றவை. அவற்றுக்கும் முன்னால் ஜபல்பூரில், பிடிபட்ட தக்கர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வைத்து ஒரு தொழிற்கூடம் நடந்தது. கம்பளமும் கூடாரமும் அங்கே செய்தார்கள். வழிப்போக்கர்களைக் கழுத்தை இறுக்கிக் கொன்றவர்கள் என்று பிடித்து வைத்தவர்களிடமே வழிப்பயணத்துக்குக் கூடாரம் தைத்து வாங்கிய அரசாங்கத்தை என்னவென்று சொல்வது!

இன்று கடையில் கித்தான் என்று கேட்டால் பாலியஸ்டர் கலந்ததைத்தான் நீட்டுவார்கள். எடை குறைவு, பூஞ்சை பிடிக்காது, விலையும் மலிவு. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஆனால் பழைய கூடாரத்தின் இரவு வேண்டுமென்றால் முழுப் பருத்திதான். பருத்தி நூல் நனைந்தால் உப்பும். உப்பி நெசவின் கண்களைத் தானே அடைத்துக்கொள்ளும். புதுத்துணியில் இது உடனே நடக்காது. ஆகவே விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே கூடாரத்தை விரித்துக் கட்டி, தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, அப்படியே காயவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் தையல் ஓட்டைகள்கூட இறுகும், துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கியும் விடும். மழை பெய்யும்போது உள்ளிருந்து கையாலோ தலையாலோ துணியைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும், நிற்காது. சின்னப் பிள்ளைகள் கட்டாயம் தொடுவார்கள். சொட்டட்டும்.

கம்பத்துக்கு ஓட்டை இல்லாத கல்மூங்கில். முளைக்கு நம் ஊர்க் கருவேலம். அடிக்கப் புளியமரக் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் முளையின் தலையைப் பிளந்துவிடும். கயிறு சணலோ பருத்தியோ. தேங்காய் நார்க் கயிறு பள்ளத்தாக்கில் மலிவுதான், எளிதில் மக்காது, ஆனால் இழுக்க இழுக்க நீளும். வேலி கட்டலாம், கூடாரத்துக்குச் சரிப்படாது.

இடம் பார்ப்பதற்கு எங்கள் ஊரில் ஒருவர் துணை கிடைத்தார். எழுபதைத் தாண்டியவர். கல்யாணப் பந்தலும் திருவிழாக் கொட்டகையும் போட்டே காலம் கழித்தவர். வாலிபத்தில் டூரிங் டாக்கீஸ் ஒன்றில் கூடாரம் கட்டும் ஆளாக இருந்திருக்கிறார். அந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் பிள்ளையார் சுழி போட்டவர் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905இல் துப்பாண் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய் ஏசுவின் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். பெஷாவர் வரை போனார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டி உட்கார்ந்தார். நம் பெரியவர் போனது வீரபாண்டி வரைதான். ஆனால் காற்றை அறிந்தவர்.

"தம்பி, தோப்புன்னதும் தென்னை மரத்தடியில போட்டுறாதீக. காய் விழுந்தா துணியும் போச்சு, மண்டையும் போச்சு" என்றார். "வயக்காட்டுலயும் வேணாம். அறுத்த வயல்னாலும் அடியில ஈரம் இருக்கும், முளை பிடிக்காது."

"அப்ப ரோட்டோரப் புளியமரத்து நிழல் தேவலையாங்கய்யா?"

"புளிய மரத்தடியில எவனாச்சும் படுப்பானா?"

பேய்க்குப் பயந்து சொல்லவில்லை அவர். புளிய இலையில் புளிப்பு உண்டு. பனியில் நனைந்து துணிமேல் கிடந்தால் துணி இற்றுப்போகும். புளிய மரத்தடியில் அடித்த கூடாரங்கள் கெட்டுப்போவதை அந்தக் காலத்துத் தாவர நூல்களும் குறித்திருக்கின்றன. மரம் கொட்டாப்புளிக்கு ஆகும், நிழல் ஆகாது.

கடைசியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மேட்டுத் தரிசு அமைந்தது. பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம் உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரிஜினலாக இருக்கட்டும் என்று மேகமலைப் பக்கமோ தேக்கடிப் பக்கமோ காட்டுக்குள் போகிற எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மலை. ஆனி, ஆடியில் மேற்கு மலை இடுக்குகளில் புகுந்து வரும் காற்று வாழையைச் சாய்த்துவிட்டுப் போகும். அந்த மாதங்களில் கித்தான் கூடாரம் அடிக்க நினைப்பதே தப்பு, அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் முதுகு தென்மேற்கே இருக்க வேண்டும். தையில் கதை வேறு. காற்று மெல்ல வடகிழக்கிலிருந்து ஏறும், ஆகவே முதுகை அந்தப் பக்கம் வைத்து வாசலைத் தெற்கே திருப்பினோம். தையில் எதிரி காற்றல்ல, பனி. விடிகாலையில் கூரை மழையில் நனைந்ததுபோல் ஊறிக்கிடக்கும்.

அடிக்கிற முறைக்கு வருகிறேன். முதலில் தரையில் கல், முள், எறும்புப் புற்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கரையான் இருந்தால் வேறு இடம். பிறகு உள்கூரையைத் தரையில் சதுரமாக விரித்து நான்கு மூலையிலும் முளை அடையாளம் வைக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம் சரி. இங்கே அவசரப்பட்டால் கடைசி வரை கூரையில் சுருக்கம் போகாது. மூலை முளைகளை அடித்தபின் முகட்டுக்கம்பைக் கண்ணிகளில் செருகி, இரண்டு கம்பத்தையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிமிர்த்த வேண்டும். முன்னும் பின்னும் நீளும் பெருங்கயிறுகளை மற்ற இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் முந்தினால் முகட்டுக்கம்பு நழுவித் தலையில் இறங்கும். எழுந்து நின்றதும் மூலைக்கயிறுகள், பிறகு பக்கக்கயிறுகள், அப்புறம்தான் மேல்கூரை. கனாத்து எல்லாவற்றுக்கும் கடைசியில்.

முளையைச் செங்குத்தாக அடிக்கக் கூடாது. தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு வந்து முளையைச் சந்திக்கும் இடத்தில் இரண்டும் நேர்கோணத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் அடிப்பது? கயிறு கட்டிய இடத்தின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம். இந்த ஊர் விவசாயிக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. திராட்சைப் பந்தலில் ஓரக் கல்தூணை வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, அதன் பின்னால் கம்பியை மண்ணுக்குள் இழுத்துக் கட்டுகிறாரே, அதே கணக்குதான். ஓரத் தூண் அசைந்தால் முழுப் பந்தலும் கொடியோடு தரைக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இளைஞர்கள் கயிற்றின் முடிச்சைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். பெரியவர் முடிச்சை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முளையையும் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். ஒரு பக்கம் மண் பொலபொலவென்று இருந்தது. அங்கே முளையை விட்டுவிட்டு, ஒரு முழக் கட்டையைக் கிடைமட்டமாகக் குழியில் புதைத்து அதிலிருந்து கயிறு எடுத்தார். பிரான்சிஸ் கால்டன் 1855இல் எழுதிய பயணக் கலை நூலில் மணற்பாங்கான இடத்துக்கு ஏறக்குறைய இதே உபாயத்தைச் சொல்லியிருக்கிறார். பெரியவருக்குக் கால்டனைத் தெரியாது, வீரபாண்டித் திருவிழாவின் ஆற்று மணலைத் தெரியும்.

முக்கியமானது ஒன்று மிச்சம். சணல் கயிறும் பருத்திக் கயிறும் பனியில் நனைந்தால் சுருங்கி இறுகும். மாலையில் வீணைத் தந்தி போலக் கட்டிவிட்டுப் படுத்தால் நள்ளிரவில் முளை பிடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் துணியின் கண்ணி கிழியும். படுக்கப் போகுமுன் எல்லாக் கயிறுகளையும் விரலளவு தளர்த்திவிட வேண்டும். வெயில் ஏறியதும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். நைலான் கயிறு கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. கூடாரத்தோடு இப்படி இரவு பகல் பேசிக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடும். பிறகு எதற்குப் பழைய கூடாரம்?

நீர் இறங்காமலிருக்க எதையாவது பூசலாமா என்று கேட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் படிகாரமும் ஈய உப்பும் கரைத்த தண்ணீரில் துணியை ஊறவைத்தார்கள். ஈயம் விஷம், அதைத் தொட வேண்டாம். செம்பை அம்மோனியாவில் கரைத்துப் பாய்ச்சிய பச்சைநிற வில்லெஸ்டன் கித்தான் லண்டனிலிருந்து வந்தது. பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது நல்ல மருந்து. படிகாரமும் சோப்பும் மாற்றி மாற்றித் தோய்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது, ஓரளவு பலனும் உண்டு. ஆனால் மெழுகை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கரைத்துப் பூசும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு சர்க்கஸ் கூடாரம் சில நிமிடங்களில் எரிந்து 160க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தக் கித்தானுக்குப் பூசியிருந்தது பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகு. நமக்குப் பக்கத்திலேயே, 1981 பிப்ரவரியில் பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தபோது இறந்த தொண்ணூறு சொச்சம் பேரில் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரிக்கேன் விளக்கு வாசலுக்கு வெளியே கம்பில் தொங்கட்டும். அடுப்பு காற்று வீசிச்செல்லும் பக்கத்தில், கூடாரத்திலிருந்து இருபது அடியாவது தள்ளி. குடிசைக்கு இன்னும் தூரம்.

குடிசை விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. கூடாரம் பணம் கொடுத்தால் வரும். புல் வேயத் தெரிந்த ஆள் எங்கே? தென்னங்கிடுகு முடைகிறவர்கள் ஒருசிலர் இருக்கிறார்கள். மலைப்புல்லை முடிந்து வேய்கிறவர்களை ஊருக்குள் காணோம். வனத்திலிருந்து புல் அறுத்து வரவும் முடியாது. வைக்கோல் வைத்து வேயலாம் என்று முடிவானது. பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறதே, வைக்கோலுக்கா பஞ்சம்? அணை கட்டிய கூலிக்கு வைக்கோல் வேய்ந்த குடிசை கிடைத்திருக்காது. அவர் கட்டிய அணையால் வந்த வைக்கோல் அது. வரலாற்றுக் கறார்க்காரர்கள் மன்னிக்கட்டும்.

விழா முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டி மூட்டை கட்டி லாரியில் எறிய எல்லோருக்கும் கை பரபரக்கும். பருத்திக் கித்தானுக்குச் சாவு மழையில் வருவதில்லை, ஈரத்தோடு மடிப்பதில்தான் வருகிறது. பனி உலர்ந்து, தையல் மடிப்புகளும் விளிம்புக் கயிறும் தொட்டால் காய்ந்து ஒலிக்கும் வரை, அதாவது பதினொரு மணி வெயில் வரை அடித்த இடத்திலேயே நிற்கட்டும். மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள், சோப்பு போட்டுத் துவைக்க வேண்டாம். முளைகளை எண்ணிச் சாக்கில் போடுங்கள். ஒன்றிரண்டு புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும், மாட்டின் குளம்பில் ஏறும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டு, மாதம் ஒருமுறை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கோடை மழைக்கு முன்னால் ஒரு தடவை வெயிலில் விரிக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வாரம் அணையின் சுண்ணாம்பும் சுர்க்கியும்.

(தொடரும்)